வாயிலோனின் தெத்துப்பல்

'வில்லன் வீடு' என்ற இணையதளத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் எச்சரிக்கைப் பலகை. "நாயகர்களைத் தேடி வந்தவர்கள் அடுத்த தெருவுக்குப் போகவும்" என்று அதில் எழுதியிருக்கும். பின்னால் கறுப்பு வானம், கண் சிமிட்டும் நட்சத்திரங்கள், மூலையில் வந்து போனவர்களை எண்ணும் ஒரு குட்டிப் பெட்டி. இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். அதைக் கட்டிய காலத்தில் அது எவ்வளவு பெரிய அலங்காரம் தெரியுமா! ஒரு பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துவிடலாம், அந்த வேகத்தில் இணையம் ஓடிய காலம் அது.

அந்தத் தளத்தை நடத்துகிறவள் ஒரு பெண். வீடு அவளுடையது என்பதால் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளை 'வீட்டுக்காரம்மா' என்றே கூப்பிட்டார்கள். சண்டை போடுகிறவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள். மறுநாளே மனசு கேட்காமல் கதவைத் திறந்து விடுவாள். வாடகை மட்டும் வாங்க மாட்டாள். அப்படி ஒரு வீட்டுக்காரம்மாவை நீங்களும் நானும் வேறெங்கே பார்த்திருக்கிறோம்? ஆகவே நாமும் அவளை அந்தப் பெயராலேயே கூப்பிடுவோம்.

வெளியுலகத்தில் அவள் பல்செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறைதான் அவளுடைய ராஜ்ஜியம். முன்னறையில் ஏசி, மீன்தொட்டி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் யாரோ ஒரு குடும்பத்தின் படம். பின்னறையில் பிளாஸ்டர் தூசி, ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், வாய் மாதிரியே திறந்து மூடும் ஒரு பித்தளைக் கருவி. டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். கூடவே ஒரு சீட்டு வரும். இவள் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி ஈறுகளின் வடிவத்தை வார்ப்பாள். பிறகு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு முன்னறைக்கு அனுப்புவாள். நோயாளி அதைப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வேலை. மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்துவிட்டால், அப்புறம் யார் வந்து தலைகீழாக நின்றாலும் ஒரு பல்லை நகர்த்த முடியாது.

ஊர் வாய்க்கெல்லாம் நேர்வரிசை வைத்துக் கொடுக்கிற அந்த அம்மாளின் வாயில், மேல்வரிசையில் இடது பக்கம், அப்பட்டமாக ஒரு தெத்துப்பல். பக்கத்துப் பல்லின் தோள்மேல் ஏறிக்கொண்டு எட்டிப் பார்க்கும். தெத்துப்பல் அழகு, அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும், வாய் வலிக்கப் போகிறதா! அவர்கள் யாரும் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இல்லை. அங்கே அவள் பெயர் 'சோடா ஓபனர்'. வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன்" என்று சொன்னால், பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் பாட்டில் மூடி திறக்கிற மாதிரி 'டப்' என்று சத்தம் கொடுப்பான். அம்மாவிடம் போய் அழுதால், "வாய மூடிச் சிரிக்கப் பழகுடி, எல்லாம் சரியாப் போகும்" என்பாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்பதை அம்மாவும் சொல்லித் தரவில்லை.

அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் 'எல்லைக் கப்பல்' வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அண்ணன் மொட்டைமாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று அங்கிருந்து கத்துவான். "தெரிஞ்சுச்சு, நீ திருப்பிக் கெடுத்துட்ட!" என்று இவள் கீழேயிருந்து கத்துவாள். அவன் இறங்கி வருவதற்குள் முதல் காட்சி முடிந்திருக்கும். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவனுக்கு, விட்டுப்போனதை இவள் கைகால் ஆட்டி நடித்தே காட்டுவாள். இன்றைக்கு ஒரு வாரத்துக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி இணையத்தில் ஏற்றுகிறாளே, அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த ஆன்டெனாதான்.

சூரிய மண்டலத்தின் விளிம்பில் மிதக்கும் ஒரு கப்பல், அதில் கொஞ்சம் மனிதர்கள், அவ்வளவுதான் கதை. சுவர்கள் தெர்மோகோல். யாராவது கோபமாகக் கதவைச் சாத்தினால் அண்டவெளியே ஆடும். வேற்றுக்கிரகவாசிகள் பச்சைச் சாயம் அடித்த நீச்சல் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். கேப்டனின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்தது சலவை இயந்திரத்தின் மூடி என்று அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னபோது, அவள் அவனோடு ரெண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கப்பல் ஒருநாள் எல்லைக் கதவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் யாரும் போனதில்லை. கதவைக் காவல் காக்கிறவன் பெயர் வாயிலோன். யாரையும் வெளியே விட மாட்டான், வெளியே இருந்து யாரையும் உள்ளே விட மாட்டான். கேப்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "யார் நீ? யார் கொடுத்த அதிகாரம்?" என்று கேட்டான். வாயிலோன் கேப்டனை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் மெல்லச் சிரித்தான்.

மேல்வரிசையில், இடது பக்கம், பக்கத்துப் பல்லின் தோள்மேல் ஏறிக்கொண்டு.

அவள் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "அண்ணா! அண்ணா! கீழ வா! என் பல்லு டிவில வருது!"

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரும் அவளை ஓபனர் என்று கூப்பிடவில்லை. பின்பெஞ்சுக்காரன் அவளைப் பார்த்ததும் "வாயிலோன் வர்றாடா" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டான். கேலிதான், ஆனால் உள்ளே கொஞ்சம் பயம் கலந்த கேலி. அந்தப் பயத்தின் ருசி அவளுக்குப் பிடித்துப்போனது. ஒருநாள் வேண்டுமென்றே அவன் முன்னால் போய் நின்று, மெல்லச் சிரித்துக் காட்டினாள். பையன் அதோடு 'டப்' சத்தத்தையே மறந்துபோனான். வாயை மூடாமல் சிரிப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித் தந்தது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அண்டவெளியின் ஓரத்தில் நின்ற ஒரு வில்லன்.

தொடர் பாதியில் நின்றுபோனது. ஒரு வெள்ளிக்கிழமை 'எல்லைக் கப்பல்' வரவேண்டிய நேரத்தில் உரம் போடுவது எப்படி என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மாடியிலிருந்து "தெரியுதா?" என்று கேட்டான். "தெரியுது, ஆனா இது இல்ல" என்று அவள் கீழேயிருந்து சொன்னாள். கதவுக்கு அப்பால் என்ன இருந்தது, வாயிலோன் எதைக் கண்டு பயந்து கதவை மூடி வைத்திருந்தான் என்பதை யாரும் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஆண்டுகள் ஓடின. இணையம் வந்தது. அண்ணன் அவளை ஒரு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். மரத்தடுப்பு வைத்த சிறிய அறையில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டே இருவரும் 'வில்லன் வீடு' கட்டினார்கள். அண்ணன் வேலைக்காகத் தொலைதூரம் போன பிறகும் அங்கே தினமும் வந்தான். அவனுடைய பெயர் 'மொட்டைமாடி'. 'சித்தப்பா' என்று இன்னொருவர் வருவார். தொட்டதற்கெல்லாம் அறிவுரை சொல்வார், எல்லாரும் அவருக்கு ரொம்ப மரியாதை கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் சித்தப்பா கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற ஒரு பெண்! அந்தக் குட்டு உடைந்த வாரம் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறமும் அவள் சித்தப்பாவாகவே இருந்தாள்.

சனிக்கிழமைதோறும் அங்கே 'வழக்கு' நடக்கும். ஏதாவது ஒரு விண்வெளித் தொடரிலிருந்து ஒரு வில்லனைக் கூண்டில் ஏற்றுவார்கள். ஒரே ஒரு சட்டம். அந்த வில்லனை யார் அதிகமாக வெறுக்கிறாரோ, அவர்தான் அவனுக்காக வாதாட வேண்டும். வாதம் 'இவனுக்கு என்ன வேணும்?' என்ற கேள்வியில்தான் தொடங்க வேண்டும். அது வீட்டுக்காரம்மா போட்ட சட்டம். நாயகனுக்குச் சொந்தமாக ஓர் ஆசையும் கிடையாது, பாவம், யாராவது வந்து அவன் தூக்கத்தைக் கெடுத்தால்தான் எழுந்து உட்காருவான். காலையில் எழுந்து, ஒன்றை வேண்டுமென்று நினைத்து, அதற்காக வேலைக்குக் கிளம்புகிறவன் வில்லன்தான் என்பது அவள் கட்சி. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அதுதான் அவன் செய்த பாவம் என்பாள். முகம் தெரியாத மனிதர்கள் எழுத்து எழுத்தாகத் தட்டிக்கொண்டு, ஒரு இயந்திர நர்ஸுக்காகவும் கிரகத்தை விற்ற தரகனுக்காகவும் கண் கலங்கிய காலம் அது. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

அவள் அங்கே எழுதிய முதல் கட்டுரையின் தலைப்பு, 'தெத்துப்பல்லும் அதிகாரமும்'. வாயிலோனின் மொத்தச் சக்தியும் அந்த ஒற்றைப் பல்லில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தாள். கூடவே படங்கள். எங்கோ தேடிப் பிடித்த வீடியோ டேப்பை நிறுத்தி நிறுத்தி, டிவித் திரையைப் போட்டோ எடுத்து, அவன் சிரிக்கிற ஒவ்வொரு இடத்தையும் சேர்த்து வைத்திருந்தாள். பல்செட் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து எத்தனை பேர் அவளிடம், "உன் பல்லையும் சரி பண்ணிக்கக் கூடாதா? ஓசியிலேயே முடிஞ்சிருமே" என்று கேட்டிருப்பார்கள்! கணவர்கூட ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது வில்லன் வீட்டில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. வந்தவர்கள் எல்லாம் வேறு வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். மொட்டைமாடி வருவான், சித்தப்பா எப்போதாவது தலைகாட்டுவாள். வீட்டுக்காரம்மா மட்டும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் ரிசப்ஷன் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, உங்க ஆளு வந்திருக்காரு!"

"எந்த ஆளு? வீட்ல ஒருத்தர வச்சுக்கிட்டே எனக்கு முழி பிதுங்குது."

"அய்யோ, அது இல்லக்கா. போன்ல படமா வச்சிருக்கீங்களே, அந்த வில்லன். அதே கண்ணு. வாயில ஒரு பல்லுகூட இல்லக்கா, பாவம்."

அவள் மெழுகுக் கத்தியைக் கையில் பிடித்தபடியே கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கன்னங்கள் உள்வாங்கி, உதடுகள் மடிந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்டவெளியின் கடைசிக் கதவைக் காத்தவர், டோக்கனைப் பார்த்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். அவளுக்கு ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. கால்தான் நகரவில்லை.

அச்சு வந்தது. சீட்டும் வந்தது. "மேலும் கீழும் முழு செட். வரிசை நேராக இருக்க வேண்டும். நோயாளி கண்டிப்பாகச் சொல்கிறார்." கண்டிப்பாக என்ற சொல்லின் கீழே டாக்டரம்மா கோடு போட்டிருந்தார்.

அவள் ஒழுங்காக நேர்வரிசையில்தான் பற்களை நட்டாள். நட்டுவிட்டுப் பார்த்தால் யாருடைய வாயோ மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. எல்லாரும் நேராகத்தான் கேட்பார்கள், வேறு எப்படிக் கேட்பதென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மெழுகுதானே, பிடிக்காவிட்டால் மாற்றிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். போனைத் திறந்து, தான் சேர்த்து வைத்த படங்களை எதிரே சாய்த்து நிறுத்தினாள். கத்தியை விளக்கில் காட்டி, இடது கோரைப்பல்லின் அடியில் மெழுகை இளக்கி, பல்லை மெல்லத் திருப்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஏற்றி வைத்தாள். சரியாக அந்தச் சிரிப்பு! எத்தனையோ வாய்களுக்குப் பல் வைத்திருக்கிறாள், வேலை செய்துகொண்டே அழுதது அன்றைக்குத்தான்.

போட்டுப் பார்க்கும் நாளன்று பின்னறைக் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முன்னறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் வாங்க."

நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் கையில் கண்ணாடி இருந்தது. அதற்குள் வாயிலோன் இருந்தான். ஆனால் சிரிக்கவில்லை.

"இத வச்சது யாரு?" என்று கேட்டார் அவர்.

"நான்தான் சார்."

"நேரா வேணும்னு நான் சொல்லலியா?"

"சொன்னீங்க சார். சீட்டுலயும் இருந்துச்சு. நான்தான்..." அவளுக்கு நா குழறியது. "சார், நான் உங்க ரசிகை. வாயிலோனுக்காகவே ஒரு வெப்சைட் நடத்துறேன். எத்தனையோ வருஷமா."

"அந்தப் பயலுக்கா?" பெரியவர் கண்ணாடியை மடியில் வைத்தார். "என்ன எழுதுவ அதுல? இந்தப் பல்லப் பத்தியா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மை வந்துவிடும்.

"பாத்தியா?" என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் நாடகத்துல நடிச்சுக்கிட்டு இருந்தவன்மா. டாக்டர் வேஷம் கேட்டுத்தான் அந்தத் தொடருக்குப் போனேன். வசனத்த மனப்பாடம் பண்ணிட்டுப் போய் நிக்கிறேன், அத யாரும் கேக்கல. டைரக்டர் சிரிடான்னாரு, சிரிச்சேன். இவன்தான்யா நம்ம வில்லன்னு முடிச்சுட்டாரு. பல்ல வேலைக்கு எடுத்தாங்க, நான் கூடப் போனேன். அதுக்கப்புறம் எங்க போனாலும் அதே கததான். நல்லவனா ஒரு சின்ன வேஷம், ஒரு அப்பன் வேஷம், ஒருத்தரும் குடுக்கல. நான் ஜெராக்ஸ் கட வச்சுப் பொழச்சேன். இப்பத்தான் அந்தப் பல்லு தானா விழுந்து தொலஞ்சிருக்கு. போறதுக்கு முன்னால ஒரு தடவையாவது கண்ணாடில ஒரு நல்ல மனுஷனப் பாக்கணும்னு ஆசப்பட்டேன். அது தப்பாம்மா?"

"தப்பு என்னோடது சார், மன்னிச்சுருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மெழுகுப் பல்செட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஊரில் உள்ள வில்லன்களுக்கெல்லாம் 'இவனுக்கு என்ன வேணும்' என்று கேட்டுச் சட்டம் போட்டவள், எதிரே வந்து உட்கார்ந்த மனிதர் தனக்கு வேண்டியதை வாய்விட்டுச் சொல்லி, அது சீட்டிலும் எழுதி வந்தபோது, காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதையாவது திருத்திவிடலாம், மெழுகுதான். ஆனால் அந்த டைரக்டர் சொன்னதையேதான் அவளும் இத்தனை காலம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். பல்லுக்குத்தான் எல்லாப் புகழும். அந்தப் பல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றார் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பழைய டேப்பிலிருந்து மாற்றி வைத்திருந்த காட்சிகளைக் கணினியில் போட்டாள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாயிலோன் முகம் வரும்போதெல்லாம் அந்தக் காகிதத்தால் அவன் வாயை மறைத்தாள். முகம் நகர நகரக் காகிதமும் நகர்ந்தது. சோபாவில் படுத்திருந்த கணவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன, உன் வில்லனுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"சும்மா இருங்க. ஒண்ணு பாக்கணும்."

"இத்தன வருஷமாப் பாத்ததுல பாக்காததா?"

அதுதான் வேடிக்கை. அவள் பார்க்காததுதான் அங்கே இருந்தது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் நிற்பார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்துவார், அந்த இடைவெளியில் எதிரே நிற்கிறவன் எச்சில் விழுங்குவான். கதவை மூடச் சொல்லி உத்தரவு போடும்போது குரல் உயராது, தாழும். அகதிகளின் கப்பலைத் திருப்பி அனுப்பிய காட்சியில் அவர் சிரிக்கவே இல்லை. பல்லே தெரியவில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் அண்ணன் அந்தக் காலத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். காகிதம் அவள் கையிலிருந்து விழுந்தது. "ஏங்க, நான் ஒரு முட்டாள்" என்றாள். கணவர் திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். அத்தனை வருஷ அனுபவம் அவருக்கு.

மறுநாள் பின்னறையில் அந்த இடது கோரைப்பல்லைத் தன் கையாலேயே இறக்கி வரிசையில் நிறுத்தினாள். வலிக்கத்தான் செய்தது. இருந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். கடைப் பொம்மைப் பல் மாதிரி இருக்கக் கூடாது, அந்த வயசுக்கு ஏற்ற தேய்மானம் வேண்டும், அந்த உதட்டுக்கு ஏற்ற நீளம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். மெழுகில் போட்டுப் பார்த்த பெரியவர் தலையாட்டினார். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்ரிலிக் அடைத்து, வேகவைத்து, ராவி, பளபளப்பு ஏற்றி முடித்தாள். இனி யார் நினைத்தாலும் அந்தத் தெத்துப்பல் திரும்பி வராது.

பல்செட் மாட்டும் நாளன்று டாக்டரம்மா அவளையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். "எங்கயாவது உறுத்துச்சுன்னா உடனே ராவிக் குடுக்கணும்க்கா, பக்கத்துலயே இருங்க" என்றார். பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார், நாக்கைச் சுழற்றினார். கண்ணாடியை வாங்கி உதட்டை விரித்தார். கன்னம் நிரம்பி, முகம் எழுந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் யாரோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார், யாரோ ஒரு பிள்ளைக்கு நல்ல அப்பா, அங்கிருந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படிம்மா இருக்கேன்?" என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் இல்லை, அவளிடம்.

"நல்ல மனுஷனா இருக்கீங்க சார்."

அவர் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும்தான். அவள் சின்ன வயசிலிருந்து கும்பிட்ட வில்லன் அந்தக் கண்ணாடியில் எங்கும் இல்லை. ஆனால் அந்த மனிதரின் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு, அதற்காகக் குறைபட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல்செட் மாட்டியதும் பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பல்செட்டைப் பராமரிக்கும் விதிகள் அச்சடித்த தாளை நோயாளி கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வார் டாக்டரம்மா. பேச்சையும் பார்த்த மாதிரி ஆச்சு, விதிகளைப் படிக்க வைத்த மாதிரியும் ஆச்சு என்பது அவர் கணக்கு. பெரியவரும் ஒரு நல்ல பிள்ளையாகக் கடகடவென்று வாசித்து முடித்தார். பல்லிடுக்கில் காற்று புகுந்து வரும் விசில் சத்தம்கூட இல்லை.

"அருமையா இருக்கு சார். நீங்க கிளம்பலாம்" என்றார் டாக்டரம்மா.

"சார்" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? இதே தாள வாயிலோன் வாசிச்சா எப்படி இருக்கும்?"

பெரியவர் முகம் சுருங்கியது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? அவன் அந்தப் பல்லோட போயிட்டாம்மா. நீயே அப்படித்தான எழுதியிருக்க?"

"ஆமா சார், எழுதினேன். அது தப்புன்னு இப்ப நினைக்கிறேன். உங்க வாய மறைச்சு வச்சு எல்லாக் காட்சியும் பாத்தேன். எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதான் கேக்குறேன். வரலன்னா, அவன் போயிட்டான்னு நானே ஒத்துக்கிறேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தோள் கொஞ்சம் இறங்கியது, கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அதைப் படிக்கவில்லை, அதற்கு மேலாக மருத்துவமனையைப் பார்த்தார்.

"இரவில்," என்றார். நிறுத்தினார். "பல்செட்டைக் கழற்றவும்."

தடுப்புக்கு வெளியே ரிசப்ஷன் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு பாதியில் நின்றது.

"சுத்தமான நீரில் போட்டு வைக்கவும்." குரல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. "கொதிக்கும் நீரில்... போடக் கூடாது."

டாக்டரம்மா அவரை அறியாமல் ஒரு அடி பின்னால் போனார். கருவித் தட்டு இடித்துக் கலகலத்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஈறுகளில் வலி இருந்தால்." இப்போது அவர் வீட்டுக்காரம்மாவை நேராகப் பார்த்தார். "உடனே. வரவும்."

காத்திருப்பு வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தடியான ஆள் எழுந்து நின்றார். "எனக்கு இப்ப வலி தேவலாம்மா. நான் அப்புறமா வரேன்" என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

பெரியவர் அந்த ஆள் போன கதவையே பார்த்தார். தாளை இறக்கினார். கண்ணாடியை எடுத்து, வாயைத் திறந்து, அந்த நேர்வரிசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தார்.

"பல்லு நேராத்தானம்மா இருக்கு?"

"நேராத்தான் சார் இருக்கு. நானே வச்சேன்."

"அப்ப அது... நானா?"

"நீங்கதான் சார். மொதல்லேருந்தே நீங்கதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நான் நல்லா நடிச்சிருக்கேம்மா" என்று அந்தக் கைகளுக்குள்ளிருந்து சொன்னார்.